நசுங்காத எலுமிச்சம்பழம்

சேலையூர்,
22-9-2025, திங்கட்கிழமை.

அன்புள்ள தையல்நாயகிக்கு,

நீ கீழ்க்கட்டளைக்கு, அனுப்பிரியாவின் வீட்டுக்குப் புறப்பட்டது இம்மாதம் 15ஆம் தேதி. பத்து நாள் இருந்துவிட்டு வருவதாகத்தான் சொன்னாய். ஆனால் நேற்று அனு இங்கே வந்து உன் முழங்கால் தைலத்தையும், படிக்கும் கண்ணாடியையும், பூஜை அறையில் இருந்த சின்ன வெள்ளி விளக்கையும் எடுத்துச் சென்றாள். பத்து நாளுக்குப் போனவர்கள் விளக்கைக் கேட்டு அனுப்புவதில்லை என்பது எனக்கும் தெரியும்.

18ஆம் தேதியிலிருந்து நீ என் தொலைபேசி அழைப்பை ஏற்பதில்லை. 'சொல்ல ஏதாவது இருந்தால் எழுதச் சொல்' என்று மகளிடம் சொல்லியிருக்கிறாய். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் கிழக்குத் தாம்பரத்தில் இருப்பதால், போகும் வழியில் கடிதங்களை வாங்கிக்கொள்ளவும் கொடுக்கவும் சம்மதித்திருக்கிறாள். ஆகவே எழுதுகிறேன்.

விஷயம் காரைப் பற்றியது. 14ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மெஹர் பானுவின் மகள் ஷபீனாவின் நிக்காஹ்வுக்குப் பல்லாவரம் புறப்பட்டோம். காலை 10.20க்குச் சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. நிக்காஹ்வை நீ பார்க்க முடியாமல் போனதற்கு நான் வருந்துகிறேன். ஆனால் நடந்தது இயந்திரக் கோளாறு. என் அலட்சியம் அன்று. அந்த வண்டியை நான் எப்படிக் கவனிக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஜனவரி 9ஆம் தேதி சர்வீஸ் செய்தேன். அன்று மீட்டரில் 61,348 கிலோமீட்டர். தினமும் காலையில் பரிசோதனை செய்கிறேன். ஞாயிறுதோறும், நீ சத்சங்கத்துக்குப் போயிருக்கும்போது, ராஜகீழ்ப்பாக்கம் வரை ஒரு சுற்று ஓட்டி வருகிறேன்.

பக்கத்து வீட்டுத் தட்சிணாமூர்த்தி, பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்றார். 17ஆம் தேதி புதிய பேட்டரி பொருத்தியாயிற்று. இப்போது ஒரே திருப்பில் என்ஜின் ஓடுகிறது. ஆகையால் தடை நீங்கிவிட்டது. நீ எந்த நாளில் வர உத்தேசம் என்பதைத் தேதியுடன் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
ஏகநாதன்


கீழ்க்கட்டளை,
வியாழன்.

அனு அப்பாவுக்கு,

தடை நீங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தடையாக இருந்தது பேட்டரி என்று உங்களுக்கு யார் சொன்னது?

அன்றைக்கு நடந்ததை 'டிக்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். மிச்சத்தை நான் எழுதுகிறேன். அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சாவியைத் திருப்புவீர்கள், டிக். இறங்கிப் போய் பானட்டைத் திறப்பீர்கள்; மூடுவீர்கள்; வந்து உட்காருவீர்கள்; டிக். ஆட்டோ கூப்பிடலாம் என்று நான் மூன்று முறை சொன்னேன். தெருமுனை ஆட்டோக்காரர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். அவரே வந்து கேட்டார், "இன்னாம்மா, கல்யாணத்துக்கா? வண்டி மக்கர் பண்ணுதா? ஏறுங்க, அஞ்சு நிமிஷத்துல தாம்பரம் தாண்டிடலாம்" என்று. "வேண்டாம், போப்பா" என்றீர்கள். அந்த 'போப்பா'வை நான் இன்னும் மறக்கவில்லை.

கடைசியில் நானே இறங்கிப் போய் அதே ஆட்டோவில் ஏறினேன். குரோம்பேட்டை நெரிசலில் மாட்டிக்கொண்டது. மண்டபத்துக்குள் நுழைந்தபோது பிரியாணி தேக்சாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் போய்விட்டார்கள். மெஹர் பானு ஒரு நாற்காலியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தாள். "இன்னா தையல் அக்கா, இப்ப வரீங்க? அவ கார்ல ஏர்ற வரைக்கும் வாசலையே பாத்துகினு இருந்தா. பெரிம்மா வந்துடும், பெரிம்மா வந்துடும்னு" என்றாள். ஷபீனா நம் வீட்டில், நம் கூடத்தில் தவழ்ந்த பெண். அவர்கள் நம் தெருவிலிருந்து பல்லாவரத்துக்குக் குடிபோகும் வரை மத்தியானச் சோறு நான் ஊட்டியதுதான். அவளுக்காக எடுத்த புடவையைக்கூடக் கொடுக்க முடியவில்லை. பை உங்கள் கார் டிக்கியில் இருந்தது. வெறுங்கையோடு நின்றேன்.

போனை ஏன் எடுக்கவில்லை என்கிறீர்கள். காலையில் கூப்பிடுவீர்கள். "சாப்பிட்டாயா? மாத்திரை போட்டாயா? கேஸை மூடினாயா? சரி, வைக்கிறேன்." நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் நான் முடிக்கும் வரை நீங்கள் படித்தாக வேண்டும்.

கேட்கிறேன்: அன்றைக்கு ஏன் ஆட்டோ வேண்டாம் என்றீர்கள்? வண்டிக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கு என்ன?

அதற்குப் பதில் வரட்டும். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

அனுவின் அடுக்ககத்துக்குக் கீழே அக்தர் என்று ஒருவர் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். பால் வாங்கப் போனபோது உங்கள் புதுப் பேட்டரியைப் பற்றிச் சொன்னேன். "மாத்தினா ஓடும்க்கா, யாரு இல்லன்றாங்க? பழசு ஏன் செத்துச்சுன்னு பாத்தீங்களா? அது தெரியாம மாத்தினா, புதுசும் பின்னாடியே போவும்" என்றார். காதில் போட்டு வையுங்கள்.

தையல்நாயகி


சேலையூர்,
30-9-2025, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தையல்நாயகிக்கு,

உன் கடிதத்தில் தேதி இல்லை. வியாழக்கிழமை என்பது ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருப்பது. அனு கொண்டுவந்த நாளை வைத்து, அது 25-9-2025 என்று நானே பென்சிலால் மேலே குறித்துக்கொண்டேன்.

அந்த அக்தர் சொன்னது பலித்துவிட்டது. நேற்று காலை, புதிய பேட்டரி பொருத்தி இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், மீண்டும் அதே 'டிக்'. மீட்டர் வைத்துப் பார்த்தேன். பொருத்திய அன்று 12.6 வோல்ட் இருந்தது, நேற்று 11.8. தட்சிணாமூர்த்தி தம் காரைப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பேட்டரிகளையும் கேபிளால் இணைத்து ஸ்டார்ட் செய்து கொடுத்தார். என்ஜின் ஓடும்போது அளந்தால் 14.2. டெர்மினல்கள் சுத்தமாகவும் இறுக்கமாகவும் உள்ளன. பெல்ட் தளரவில்லை.

எங்கேயாவது ஒரு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருக்கலாம் என்று தட்சிணாமூர்த்தி சந்தேகித்தார். டிக்கியின் உள்விளக்கு, மூடிய பிறகு அணைகிறதா என்பதை வெளியிலிருந்து பார்க்க இயலாது. ஆகவே கைப்பேசியில் வீடியோவை ஓடவிட்டு, டிக்கிக்குள் வைத்து மூடினேன். "சார், உள்ள உங்க போனு, டிக்கிய தொறக்கற லீவர் கார் உள்ள, கார் சாவி எங்க?" என்று அவர் கேட்டார். சாவியும் டிக்கிக்குள் இருந்தது. போனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். நல்ல வேளையாகக் கதவு பூட்டப்படவில்லை. அவர் சிரித்த சிரிப்பை, மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அவர் மனைவியும் பகிர்ந்துகொண்டார்.

வீடியோவில், மூடியவுடன் விளக்கு அணைந்துவிடுகிறது. ஆகவே குற்றம் அங்கில்லை. ஆனால் அணைவதற்கு முந்தைய கணத்தில் ஷபீனாவுக்கு எடுத்த புடவைப் பை தெரிகிறது. அதை எடுத்து உன் அலமாரியில், மேல் தட்டில் வைத்திருக்கிறேன். மடிப்புக் கலையவில்லை.

எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டிய நிலையில் வண்டி தானாக இழுக்கும் மின்சாரத்தையும் அளந்துவிட்டேன். ஒரு கடிகாரம் ஓடும் அளவுதான். இந்த விவரங்களை அக்தரிடம் காட்டி, அவர் கருத்தைக் கேட்டு எழுதவும்.

நீ கேட்ட மற்றொரு கேள்விக்குப் பிறிதொரு சமயம் பதில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஏகநாதன்


கீழ்க்கட்டளை,
வெள்ளி. (பென்சிலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.)

அனு அப்பாவுக்கு,

மூன்று பக்கத்தில் வண்டியின் நாடித் துடிப்பு முழுவதும் இருக்கிறது. என் கேள்விக்குப் 'பிறிதொரு சமயம்'. சரி.

அக்தரிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முதலில், என்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் போயிருக்கும் என்றார். பிறகு, கேபிள் போட்டதும் ஓடியதே என்று அவரே மறுத்தார். "ஓடும்போது பதினாலு சொச்சம் காட்டுதுன்னா ஆல்டர்னேட்டர் ராஜாவாட்டம் இருக்குக்கா. சார்ஜ் நல்லாவே ஏறுது. லீக்கும் இல்ல. பேட்டரி புதுசு. அப்போ கரண்ட யாரு சாப்பிடறா? பேயா?" என்று தலையைச் சொறிந்தார். வேறொரு வண்டிக்கு ஒயரைப் பிடித்துக்கொண்டே யோசித்தார். பிறகு கேட்டார்: "சார் வண்டிய ஓட்றாரா? இல்ல, வூட்ல வச்சி பூஜ பண்றாரா?"

ஞாயிறுதோறும் ராஜகீழ்ப்பாக்கம் வரை போவார் என்று விட்டுக்கொடுக்காமல் சொன்னேன். "அப்ப எனக்குப் புரியலக்கா. காலைல சார் இன்னா பண்றாரு, ஒண்ணு விடாம எழுதச் சொல்லுங்க" என்றார். எழுதுங்கள். நாற்பது வருஷம் சர்வே ஆபீஸில் படம் வரைந்தவர். உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று. மெஹர் பானு போன் செய்தாள். வருகிற 12ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஷபீனாவும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வருகிறார்கள். அதற்கு அடுத்த வாரம் இருவரும் மஸ்கட் போகிறார்கள். இனி எப்போது வருவார்களோ. நம் இருவரையும் கூப்பிட்டாள். "அண்ணனையும் கூட்டினு வாங்க. கார் வரலன்னா நடந்தாவது வரச் சொல்லுங்க" என்றாள். இந்த முறையும் நான் அந்தப் பெண்ணைப் பார்க்காமல் விடமாட்டேன். உங்களோடு போவேனா, இல்லாமல் போவேனா என்பதுதான் தெரியவில்லை. இல்லாமல் போனால், அங்கிருந்து திரும்பி அனு வீட்டுக்குத்தான் வருவேன். பிறகும் இங்கேதான் இருப்பேன். கோபத்தில் எழுதவில்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஆயுத பூஜை போட்டீர்களா?

தையல்நாயகி


சேலையூர்,
5-10-2025, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தையல்நாயகிக்கு,

கடிதம் 3-10-2025 என்று குறிக்கப்பட்டது. உன் கடைசிப் பத்தியை ஒரு முறைக்கு மேல் படித்தேன். அதைப் பற்றி எழுத உட்கார்ந்து, இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டு, நீ கேட்ட விவரத்தையே எழுதுகிறேன்.

காலை ஆறே முக்காலுக்கு வண்டியில் உட்காருவேன். சாவியைப் பாதி திருப்பி, ரேடியோவில் ஆகாசவாணியின் மாநிலச் செய்தி கேட்பேன். வீட்டு ரேடியோ பழுதானதிலிருந்து இதுதான் வழக்கம். பெட்ரோல் வீணாகாமல் இருக்க, அப்போது என்ஜினை ஓட்டுவதில்லை. செய்தி ஓடும்போதே ஹெட்லைட்டைப் போட்டு எதிர்ச் சுவரைப் பார்ப்பேன். நல்ல பேட்டரியில் வெளிச்சம் சுவரில் எந்த உயரம் வரை தெளிவாக விழ வேண்டும் என்பதற்கு ஒரு பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பிறகு காற்றுவிசிறி, வைப்பர், நான்கு இண்டிகேட்டர்கள், ஹாரன். ஏழு மணிக்கு என்ஜினை ஸ்டார்ட் செய்து, சத்தம் சீராக இருக்கிறதா என்று ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு அணைத்துவிடுவேன். முன்பு ஹெட்லைட்டைச் சற்று நேரமே போடுவேன். 14ஆம் தேதி நடந்ததற்குப் பிறகு என் கவனத்தை இரட்டிப்பாக்கி, செய்தி முடியும் வரை எரியவிட்டுச் சோதிக்கிறேன். இவ்வளவு கவனமாகப் பார்க்கப்படும் வண்டி, சேலையூரில் மட்டுமல்ல, தாம்பரத்திலேயே வேறொன்று இருக்காது. இருந்தும் ஏமாற்றுகிறது என்பதுதான் என் மனக்குறை.

ஆயுத பூஜை 1ஆம் தேதி முறைப்படி நடந்தது. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். தட்சிணாமூர்த்தி கேபிள் போட்டுத் தந்ததால் என்ஜினும் ஓடியது. வாசலில் கோலம் இருந்தபடியால் அதை அழிக்க மனமில்லாமல் வண்டியை முன்னால் எடுக்கவில்லை. பழங்கள் அப்படியே இருக்கின்றன.

அக்தருக்குப் பயன்படுமானால்: இன்றைய மீட்டர் அளவு 61,351.

இப்படிக்கு,
ஏகநாதன்


கீழ்க்கட்டளை,
செவ்வாய்.

அனு அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை அக்தரிடம் காட்டவில்லை. காட்டத் தேவைப்படவில்லை.

வாசலில் கோலம் இருந்தது என்கிறீர்கள். யார் போட்டது? நான் இங்கே இருக்கிறேன். வீட்டு வேலைக்கு வரும் அம்மணி, பூஜைக்கு இரண்டு நாள் முன்பே திண்டிவனத்துக்குப் போய்விட்டாள். அங்கிருந்து எனக்குப் போன் செய்தாள். தட்சிணாமூர்த்தி வீட்டம்மா நம் வாசலில் கோலம் போட மாட்டார். நீங்கள் கோலம் போட்டிருந்தால், அதற்கு ஸ்கேல் வைத்து அளந்த கதையும் எழுதியிருப்பீர்கள்.

சரி, கோலம் இல்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஏன் வண்டி ஒரு முழம் முன்னால் வரவில்லை? இதை யோசித்துக்கொண்டே உங்கள் முதல் கடிதத்தை மறுபடி எடுத்தேன். ஜனவரியில் சர்வீஸ் கடையில் 61,348. இன்றைக்கு 61,351. சர்வீஸ் கடை கிழக்குத் தாம்பரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நம் வீடு மூன்று கிலோமீட்டர். நீங்கள் ஒரு எண்ணைக்கூடத் தப்பாக எழுதத் தெரியாத மனிதர். வேறு யாராவது இருந்தால் சில நூறு கூட்டிப் போட்டு எழுதியிருப்பார்கள்.

ஜனவரி 9ஆம் தேதி வீட்டுக்குள் வந்த வண்டி, பிறகு வாசலைத் தாண்டவே இல்லை. ராஜகீழ்ப்பாக்கம் சுற்று என்று ஒன்று இல்லை. இத்தனை மாதமாக, "மழைநீர்க் கால்வாய் தோண்டியிருக்கிறார்கள்", "நிறுத்த இடம் இருக்காது", "பஸ்ஸிலேயே போய்விடலாம்" என்றதெல்லாம் அதற்குத்தானா?

வண்டிக்கு என்ன என்று இப்போது நானே சொல்வேன். தினமும் காலையில் நல்லா இருக்கிறாயா, நல்லா இருக்கிறாயா என்று கேட்டுக் கேட்டே அதிலிருந்து உருவுகிறீர்கள். செய்திக்கு, சுவர் வெளிச்சத்துக்கு, விசிறிக்கு, ஹாரனுக்கு. பிறகு ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைத்துவிடுகிறீர்கள். எடுத்தது அத்தனையையும் ஐந்து நிமிடத்தில் அது எங்கிருந்து திரும்பச் சேர்த்துக்கொள்ளும்? ரோட்டில் ஓடினால்தானே! மாலை கீழே போனபோது, ஊர் பேர் சொல்லாமல் அக்தரிடம் இதை மட்டும் கேட்டேன். சிரித்துவிட்டு, "அதானே பாத்தேன்! டெய்லி டாக்டர் வந்து ஊசி போட்டு ரத்தம் எடுத்துகினு, சோறு போடாம போனா ஆளு தாங்குவானாக்கா?" என்றார்.

போனில் என்னிடமும் அதே ஐந்து நிமிடம்தான், நினைவிருக்கிறதா?

நான் கேலி செய்ய எழுதவில்லை. ஜனவரி 9ஆம் தேதி என்ன நடந்தது? அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தீர்கள். வெயில் என்றீர்கள். ஜனவரியில் என்ன வெயில்?

இதற்கும் 'பிறிதொரு சமயம்' என்று எழுதினால், இனி எழுத வேண்டாம்.

தையல்நாயகி


சேலையூர்,
9-10-2025, வியாழக்கிழமை.

அன்புள்ள தையலுக்கு,

ஜனவரி 9, வியாழக்கிழமை. சர்வீஸ் முடிந்த வண்டியை எடுத்துக்கொண்டு மதியம் காம்ப் ரோடு சந்திப்புக்கு வந்தேன். எதிர்த்திசையில் வரக்கூடாத ஒரு ஸ்கூட்டர், என் வண்டிக்கு நேராக வந்தது. ஓட்டியவள் கல்லூரியில் படிக்கும் வயதுப் பெண். பிரேக் போட்டேன். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை அகலம் இருந்தது. அவள் விழவில்லை, அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. "சாரி தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தவறு என்னுடையதல்ல. நடந்தது இவ்வளவுதான்.

ஆனால் என் கால் பிரேக்கை விட்டு வரவில்லை. எடுக்க நினைக்கிறேன், கால் கேட்கவில்லை. பச்சை விளக்கு விழுந்தது. சிவப்பு விழுந்தது. மறுபடி பச்சை. பின்னால் ஒரே ஹாரன். ஒரு தண்ணீர் லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "யோவ் பெருசு! ரோட்ட இன்னா உன் வூட்டு ஹாலுன்னு நெனச்சியா? எடு, இல்லன்னா எறங்கு!" என்று கத்தினார். இறங்குவதற்கும் கால் வரவில்லை. எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் நேரம் தெரியாமல் போன சமயம் அது ஒன்றுதான். பிறகு எப்படியோ கால் நகர்ந்து, முதல் கியரிலேயே வீடு வரை வந்து சேர்ந்தேன்.

உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ, "இனி ஓட்ட வேண்டாம், விற்றுவிடலாம்" என்பாய். அன்பாகத்தான் சொல்வாய். அதைக் கேட்க எனக்குத் துணிவில்லை. ஆகவே தினமும் காலையில் உட்கார்ந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். வண்டி சரியாக இருந்தால், நாளைக்கு எடுத்துவிடலாம் என்று நினைப்பேன். மறுநாளும் அப்படித்தான்.

இனி, நீ கேட்ட கேள்வி. ஷபீனாவின் நிக்காஹ்வுக்கு உன்னை நானே அழைத்துச் செல்ல வேண்டும் என்று பத்திரிகை வந்த நாளிலேயே முடிவு செய்தேன். அன்று காலை எனக்கு நம்பிக்கை இருந்தது. நீ பட்டுப் புடவையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்று கேட்டது. தையல், அப்போது எனக்கு வந்தது கோபமோ வருத்தமோ அன்று; ஆறுதல். காம்ப் ரோட்டுக்குப் போக வேண்டியதில்லை என்ற ஆறுதல். அந்த ஆறுதல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அதை நீ என் முகத்தில் பார்த்துவிடுவாயோ என்றுதான் திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பினேன். பானட்டைத் திறந்து அதற்குப் பின்னால் நின்றேன். ஆட்டோ வந்தபோது, ஏறிவிட்டால் இனி நான் ஒருநாளும் ஓட்டப்போவதில்லை என்று தோன்றியது. அதனால் 'போப்பா' என்றேன். அது ஆட்டோக்காரரிடம் சொன்னதல்ல.

அந்தப் பிடிவாதத்தில் ஷபீனா வாசலைப் பார்த்துக்கொண்டே போனாள். அதற்கு நான் என்ன எழுதினாலும் ஈடாகாது.

எலுமிச்சம்பழங்கள் வாடிச் சுருங்கிவிட்டன. எடுத்துப் போடவில்லை.

ஏகநாதன்


கீழ்க்கட்டளை,
10-10-2025, வெள்ளிக்கிழமை.

அனு அப்பாவுக்கு,

மேலே பாருங்கள், தேதி போட்டிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை நேற்று மாலை மொட்டைமாடியில் நின்று படித்தேன். அனு காபி கொண்டுவந்து, "என்னம்மா, அப்பா திட்டியிருக்காரா?" என்றாள். இல்லை என்றேன். "பின்ன ஏன் அழறே?" என்றாள். காற்று என்றேன். உங்களுக்கு ஜனவரியில் வெயில் அடிக்கலாம் என்றால், எனக்குக் கீழ்க்கட்டளையில் காற்று அடிக்கக்கூடாதா?

நான் 'விற்றுவிடலாம்' என்று சொல்லியிருப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லியிருப்பேன். அது உண்மைதான். இப்போது சொல்லமாட்டேன். பயம் வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மறுமுறை காம்ப் ரோட்டில் உங்கள் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன். எந்த லாரிக்காரர் கத்தினாலும் நான் பதில் சொல்லியிருப்பேன். என் வாய் உங்களுக்குத் தெரியும்.

அக்தரிடம், எங்கள் வீட்டு வண்டிக்கு என்ன வைத்தியம் என்று வெளிப்படையாகவே கேட்டேன். காலை விளக்குச் சோதனையை அடியோடு நிறுத்த வேண்டும். கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்த பிறகு, நடுவில் அணைக்காமல் ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். "வூட்டு வாசல்ல உறும விட்டா பத்தாதுக்கா. ஓடணும்" என்றார். பிறகு வாரத்துக்கு இரண்டு முறையாவது அப்படி. வேறு ஒன்றுமில்லை. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை.

ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம், கோவிலம்பாக்கம் வழியாக இங்கே வர, ஞாயிறு காலையில் ஒரு மணி நேரத்துக்கு உள்ளேதான் ஆகும். ஆனால் அதற்கு முன்னால் காம்ப் ரோடு சந்திப்பு இருக்கிறது. அது எனக்குத் தெரியும்.

வாருங்கள் என்று எழுதவில்லை. வராதீர்கள் என்றும் எழுதவில்லை. ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு மெஹர் பானு வீட்டுக்குக் கிளம்புவேன். புடவைப் பை உங்களிடம் இருக்கிறது. அனுவிடமும் கொடுத்தனுப்பலாம்.

தையல்


கீழ்க்கட்டளை, அனுவின் அடுக்ககத்து வாசல்,
12-10-2025, ஞாயிற்றுக்கிழமை, காலை 11.10.

அன்புள்ள தையலுக்கு,

இதை வண்டியில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருப்பது என்ஜின் ஓடிக்கொண்டிருப்பதால். காவலாளி எலியேசர் இதை மேலே கொண்டுவருவார்.

தட்சிணாமூர்த்தி ஒன்பதரைக்குக் கேபிள் போட்டுக் கொடுத்தார். "சார், நான் வேணா கூட வரவா?" என்றார். வேண்டாம் என்றேன். இந்த முறை அதை மரியாதையாகச் சொன்னேன். வண்டியை முன்னால் எடுத்தபோது சக்கரத்தின் கீழே சத்தம் கேட்டது. வாடிய பழமானாலும் நசுங்கும்போது வாசனை வருகிறது.

காம்ப் ரோடு சந்திப்பில் சிவப்பு விழுந்தது. பிரேக்கில் கால் வைத்தேன். அங்கே நிற்கும்போது எனக்கு வியர்த்தது. பச்சை விழுந்ததும், பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. கால் உடனே வரவில்லை. பக்கத்து சீட்டில் ஷபீனாவின் புடவைப் பை இருந்தது. விழாமல் இருக்க அதற்கு சீட் பெல்ட் போட்டிருந்தேன். அதைப் பார்த்தேன். லாரிக்காரருக்கு நீ என்ன பதில் சொல்லியிருப்பாய் என்று யோசித்தேன். சிரிப்பு வந்துவிட்டது. கால் வந்துவிட்டது.

செம்பாக்கத்தில் ஒரு முறையும், மேடவாக்கத்தில் ஒரு முறையும் ஓரமாக நிறுத்தி மூச்சு வாங்கினேன். என்ஜினை அணைக்கவில்லை. இங்கே வந்து சேர்ந்து கொஞ்ச நேரம் ஆகிறது.

இப்போது ஒரு சிக்கல். மேலே வர வேண்டுமானால் அணைக்க வேண்டும். அணைத்த பிறகு ஸ்டார்ட் ஆகுமா என்பது எனக்குத் தெரியாது. அக்தர் கணக்கில் ஆகும். ஆனால் இன்று கடை மூடியிருக்கிறது. உன்னை மறுபடி பட்டுப் புடவையில் உட்கார வைத்துவிட்டு, இன்னொரு 'டிக்' கேட்க என்னால் முடியாது. ஆகவே ஓடவிட்டபடியே காத்திருக்கிறேன். உனக்குச் சம்மதமானால், நீயே கீழே இறங்கி வா. இப்படியே பல்லாவரம் போய்விடலாம்.

எலியேசர் கண்ணாடியைத் தட்டி, "சார், அரை அவரா இன்ஜின் ஓடுது, பெட்ரோல் இன்னா மழைல வருதா?" என்று கேட்கிறார். பதில் சொல்லி அனுப்பு.

ஏகநாதன்


(அதே தாளின் பின்புறம்)

அனு அப்பாவுக்கு,

மணி பதினொன்றரைகூட ஆகவில்லை. நான் இன்னும் பூ வைத்துக்கொள்ளவில்லை. கார் ஜன்னலுக்கு வெளியே நீங்கள் தலையை நீட்டும்போது மாடியிலிருந்து உங்கள் வழுக்கை தெரிகிறது. வியர்த்திருக்கிறது. மேலே வந்து முகம் கழுவுங்கள். மோர் கரைத்து வைத்திருக்கிறேன்.

என்ஜினை அணையுங்கள். திரும்ப ஸ்டார்ட் ஆனால் அதில் போவோம். ஆகாவிட்டால் ஆட்டோவில் போவோம். இரண்டிலும் உங்கள் பக்கத்தில் உட்காரப்போவது நான்தான். விருந்து முடிந்ததும் சேலையூருக்குத்தான். என் விளக்கையும் தைலத்தையும் பையில் போட்டுவிட்டேன்.

தையல்


(அதற்குக் கீழே, பென்சிலில்)

அணைத்துவிட்டேன்.